இழை: எம்3ஏ1 கூட்டிலிருந்து டி48 ஹாஃப்-ட்ராக்கை மீட்டெடுப்பது சரியா?

பழையஇரும்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வசிக்கிறேன். வார இறுதிகளில் பழைய இராணுவ ஊர்திகளைச் சீர்செய்யும் ஒரு தனியார் பட்டறையில் கைவேலை செய்து வருகிறேன். பட்டறை உரிமையாளர் அண்மையில் ஓர் அமெரிக்க எம்3ஏ1 ஹாஃப்-ட்ராக்கை வாங்கியிருக்கிறார். முன்னால் சக்கரங்களும் பின்னால் ரப்பர்ப் பட்டைகளும் கொண்ட அந்த ஊர்தியை இந்தக் குழுவில் பலரும் அறிந்திருப்பீர்கள். தயாரிப்பாளர் தகட்டின்படி இது சிகாகோவின் டயமண்ட் டி நிறுவனம் கட்டியது. எங்களிடம் வருவதற்கு முன்பு இது இஸ்ரேலில் நெடுங்காலம் இருந்திருக்கிறது. எஞ்சின் அறையில் மூல வொயிட் எஞ்சினுக்குப் பதிலாக டெட்ராய்ட் டீசல் 6வி-53 அமர்ந்திருக்கிறது.

நான் இந்த இழையைத் தொடங்கியதற்குக் காரணம் சேஸியில் கிடைத்த தடயங்கள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், சேஸியின் இரு நீள்சட்டங்களிலும், வெல்டிங் வைத்து அடைத்துத் தேய்த்துச் சமப்படுத்திய துளைகள் வரிசையாக இருக்கின்றன. சாதாரண எம்3ஏ1 ஊர்தியில் அந்த இடத்தில் துளைகள் இருக்க வேண்டிய தேவையில்லை. ஏதோ ஒரு பீரங்கித் தாங்கி அங்கே நின்றிருக்க வேண்டும் என்று உரிமையாளர் கருதுகிறார். தரநிலைப் பெயரே பெறாமல் சோதனைக் குறியீட்டோடு முடிந்துபோன டி48, அதாவது 57 மி.மீ. டாங்கி எதிர்ப்புப் பீரங்கி ஊர்தி, இதுதான் என்பது அவருடைய நம்பிக்கை. அது உறுதியானால் அந்த வடிவத்துக்கே மீண்டும் கட்டிவிட விரும்புகிறார். எனக்குத் தயக்கம் இருக்கிறது. வரலாறு தெரிந்தவர்களும் இரும்பு தெரிந்தவர்களும் தங்கள் கருத்தைக் கூற வேண்டுகிறேன்.

ஆவணப்பிரியை எழுதியது:

முதலில் எண்ணிக்கையைப் பார்த்துவிடுவோம், ஏனெனில் உங்கள் கேள்விக்கான பாதி விடை அதில்தான் இருக்கிறது. டி48 ஊர்திகள் 1942-43இல் மொத்தம் 962 கட்டப்பட்டன. அனைத்தையும் கட்டியது டயமண்ட் டி நிறுவனமே. அவற்றில் 650 கடன்-குத்தகைத் திட்டத்தின் (நேச நாடுகளுக்கு அமெரிக்கா போர்த்தளவாடம் வழங்கிய திட்டம்) கீழ்ச் சோவியத் ஒன்றியத்துக்கும் 30 பிரிட்டனுக்கும் சென்றன. அமெரிக்கா தன் கையில் வைத்துக்கொண்ட 282இல் ஒன்றை மட்டும் அப்படியே விட்டுவிட்டு, எஞ்சிய 281 ஊர்திகளின் பீரங்கியைக் கழற்றிச் சாதாரண எம்3ஏ1 துருப்பு ஊர்திகளாக மாற்றிவிட்டார்கள். உரிமையாளரின் நம்பிக்கைக்கு அடிப்படை இந்த 281 தான் என்று ஊகிக்கிறேன்.

ஆனால் பீரங்கி ஏற்றப்பட்டுப் பின்னர் இறக்கப்பட்ட ஹாஃப்-ட்ராக்குகள் இவை மட்டுமல்ல. 75 மி.மீ. பீரங்கி ஏற்றிய எம்3 ஊர்திகள் 2,202 கட்டப்பட்டு, அவற்றில் 1,360 பின்னர் எம்3ஏ1 ஆக மாறின. அவற்றைக் கட்டியது ஆட்டோகார் நிறுவனம். 75 மி.மீ. ஹவிட்சர் (உயர்கோணத்தில் சுடும் குறுங்குழல் பீரங்கி) ஏற்றிய டி30 ஊர்திகளைக் கட்டியது வொயிட் நிறுவனம். 500இல் 188 திரும்ப மாற்றப்பட்டன. உங்கள் தகடு டயமண்ட் டி என்று சொல்வதால் இவ்விரண்டையும் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். ஒதுக்க முடியாதது டி19 என்னும் 105 மி.மீ. ஹவிட்சர் ஊர்தி. அதையும் டயமண்ட் டி நிறுவனமே கட்டியது, மொத்தம் 324. அவற்றுள் 90 ஊர்திகள் 1945இல் எம்3ஏ1 ஆக மாற்றப்பட்டன.

ஆகவே உங்கள் கூடு ஒரு காலத்தில் டி48 ஆக இருந்திருக்கலாம், டி19 ஆகவும் இருந்திருக்கலாம். இஸ்ரேலில் இருந்தது என்று நீங்கள் குறிப்பிட்டதால் மூன்றாவது வாய்ப்பு ஒன்றும் சேர்கிறது. இஸ்ரேலியப் படையினர் தங்கள் ஹாஃப்-ட்ராக்குகள் சிலவற்றில் 6 பவுண்டர் பீரங்கியைத் தாங்களே பொருத்திக்கொண்டார்கள். 6 பவுண்டரும் 57 மி.மீ. தான், அமெரிக்காவின் எம்1 பீரங்கி அந்தப் பிரிட்டிஷ் வடிவமைப்பின் அமெரிக்கத் தயாரிப்பே. எனவே யாரேனும் ஒரு பழைய புகைப்படத்தைக் காட்டி, ‘இதோ 57 மி.மீ. பீரங்கியோடு இதே ஊர்தி நிற்கிறது’ என்றால்கூட, அது டி48 என்பதற்குச் சான்றாகாது.

சுழலச்சு எழுதியது:

ஆவணப்பிரியை அவர்கள் கூறியதிலிருந்து அளவெடுக்கும் வழி ஒன்று பிறக்கிறது. 105 மி.மீ. ஹவிட்சரின் பின்னுதைப்பு 57 மி.மீ. பீரங்கியினுடையதைவிட மிகப் பெரிது. அதனால்தான் டி19இல் சேஸியையே வலுப்படுத்த வேண்டியிருந்தது. அப்படி வலுவூட்டிய சட்டத்தில் துளைகள் நீண்ட தூரத்துக்குப் பரவியிருக்கும். தாங்கி நின்ற இடத்தைத் தாண்டியும் ரிவெட் அடையாளங்கள் தெரியும். குறுகிய ஓரிடத்தில் மட்டும் நெருக்கமாகத் துளைகள் இருந்தால் சிறிய தாங்கிதான் நின்றிருக்கிறது என்று எண்ண இடமுண்டு. ஒவ்வொரு துளையின் மையத்தையும் பின் ஆக்ஸிலின் மையக் கோட்டிலிருந்து அளந்து ஒரு வரைபடமாகப் போடுங்கள். கண்ணால் பார்த்துச் சொல்லும் எதையும் நான் இங்கே நம்பமாட்டேன்.

துளையின் விட்டத்தையும் கவனிக்க வேண்டும். அமெரிக்கத் தொழிற்சாலை அங்குல அளவில் துளையிட்டிருக்கும். இஸ்ரேலியப் பட்டறை அங்குலத்தையும் பயன்படுத்தியிருக்கலாம், மில்லிமீட்டரையும் பயன்படுத்தியிருக்கலாம். அடைத்த வெல்டிங்கைத் தோண்டி எடுக்காமல், சட்டத்தின் உட்பக்கம் தேய்க்காமல் விட்ட இடங்களில் விளிம்பு தெரிகிறதா என்று பாருங்கள்.

இனி, எந்த வடிவத்துக்குத் திரும்பினாலும் தவிர்க்க முடியாத வேலைகள். டீசல் எஞ்சினை எடுத்துவிட்டு வொயிட் 160ஏஎக்ஸ் எஞ்சினை வைப்பதானால் எஞ்சின் மட்டும் போதாது. அது 386 கன அங்குலக் கொள்ளளவும் 147 குதிரைத்திறனும் கொண்ட ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். டீசலை உட்கார வைப்பதற்காக எஞ்சின் தாங்கிகளை வெட்டி மாற்றியிருப்பார்கள். ரேடியேட்டர் இருப்பிடம், எரிபொருள் குழாய், எக்ஸாஸ்ட் என எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். பிரேக்கையும் மறக்க வேண்டாம். மூல ஊர்தியின் ஹைட்ராலிக் பிரேக்குக்குத் துணை செய்வது பெட்ரோல் எஞ்சினின் வெற்றிடம். டீசலில் அந்த வெற்றிடம் இயல்பாகக் கிடைக்காது என்பதால் அங்கேயும் யாரோ கை வைத்திருப்பார்கள். எட்டரை டன்னுக்கு மேல் எடையுள்ள ஊர்தி மணிக்கு 72 கி.மீ. வேகம் போகக்கூடியது என்பதை நினைவில் கொண்டு, பிரேக்கை முதலில் சரிசெய்யுங்கள்.

பட்டைகளைப் பொறுத்தவரை அமெரிக்க ஹாஃப்-ட்ராக் வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். எஃகு வடங்களின் மேல் ரப்பரை வார்த்த, இணைப்பே இல்லாத 12 அங்குல அகல வளையம் அது. ஜெர்மன் ஹாஃப்-ட்ராக்கான எஸ்டி.கேஎஃப்இசட் 251 வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள்: ஒவ்வோர் இணைப்பிலும் ஊசி பேரிங், கிரீஸ் அடைப்பு, தனி ரப்பர்த் திண்டு, அத்தனையையும் ஒன்றொன்றாகக் கழற்றிச் சேர்க்க வேண்டும். அமெரிக்கப் பட்டையில் அந்தத் தொல்லை கிடையாது. ஆனால் உள்ளே இருக்கும் வடம் துருப்பிடித்து அறுந்தால் சரிசெய்ய வழியும் கிடையாது. முழுப் பட்டையையும் மாற்றத்தான் வேண்டும். ரப்பரில் வெடிப்பு இருந்து அதற்குள் துருக்கறை தெரிந்தால் அந்தப் பட்டையோடு சாலைக்குப் போகாதீர்கள்.

ஆவடிக்காரர் எழுதியது:

நான் இராணுவப் பட்டறைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இந்த ஊர்தியில் நான் வேலை செய்ததில்லை. ஆனால் கவசத் தகட்டோடு பழகியிருக்கிறேன். தம்பி பழையஇரும்பு துளைகளைச் சேஸியில் மட்டும் தேடியிருக்கிறார். தகடுகளிலும் தேட வேண்டும்.

எம்3 வகையின் கவசம் முகப்பு கடினமேற்றிய எஃகு. பக்கவாட்டில் கால் அங்குலம், ஓட்டுநர் கண்ணாடிக்கு முன் விழும் தகடு அரை அங்குலம். குண்டு படும் முகம் மிகக் கடினமாகவும் பின்முகம் ஓரளவு இளகியும் இருக்கும்படி வெப்பப் பதம் கொடுத்த தகடு அது. அதை வெல்டிங் செய்தால் அந்த இடத்தில் பதம் கெட்டு, விளிம்பில் நுண்ணிய வெடிப்புகள் ஓடும். இந்தத் தகடுகளை ஒரு சட்டகத்தின் மேல் போல்ட் போட்டு இணைத்திருப்பதற்கு இது ஒரு காரணம். இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் கட்டிய எம்5 ஊர்தியில் ஒருசீரான பதம் கொண்ட தகட்டைப் பயன்படுத்தினார்கள். அதனால் அவர்களால் உடலை வெல்டிங்கில் இணைக்கவும் பின் மூலைகளை வளைக்கவும் முடிந்தது. அதே பாதுகாப்புக்காகக் கால் அங்குலத்துக்குப் பதில் 5/16 அங்குலத் தடிமன் தேவைப்பட்டது.

இதிலிருந்து பெறப்படுவது என்னவென்றால், பீரங்கிக் கேடயத்துக்காகவோ குண்டு அடுக்குகளுக்காகவோ உங்கள் ஊர்தியின் தகட்டில் துளை போடப்பட்டிருந்தால், அது பதம் கொடுப்பதற்கு முன்பே தொழிற்சாலையில் போடப்பட்டதாகவே இருக்கும். பதமேறிய தகட்டின் முகத்தில் சாதாரண டிரில் பிட் வழுக்கும், மழுங்கும், தகடு மட்டும் அப்படியே இருக்கும். ஆகவே துளையின் விளிம்பைப் பாருங்கள். இருபுறமும் சுத்தமாக, கூர் உடைத்துச் சீராக இருந்தால் தொழிற்சாலை வேலை. நெருப்பால் வெட்டிய கருகல், அலை அலையான விளிம்பு, சுற்றிலும் நிறமாற்றம் இருந்தால் பின்னால் வந்த பட்டறையின் வேலை. இஸ்ரேலிய மாற்றத்தையும் அமெரிக்க மூலத்தையும் பிரிப்பதற்கு நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

சிறுஅளவி எழுதியது:

நான் 1:35 அளவில் மாதிரிகள் கட்டுபவன் மட்டுமே. ஆனால் டி48இன் கேடயத்தை வரைந்து பார்த்த அனுபவம் உண்டு. கேடயத்தின் முன்முகம் 5/8 அங்குலம், பக்கமும் மேலும் கால் அங்குலம். ஊர்தியின் மொத்த உயரம் 90 அங்குலத்துக்குள், அதாவது சுமார் 2.3 மீட்டருக்குள், அடங்கும்படி அதைத் தாழ்த்தி, முன்முகத்தை நன்றாகச் சாய்த்திருக்கிறார்கள். கேடயம் பின்புறமும் மேற்புறத்தின் பெரும்பகுதியும் திறந்தது. பீரங்கி இருபுறமும் ஏறத்தாழ 27.5 பாகை திரும்பும். மேலே 15 பாகை, கீழே 5 பாகை.

இந்த எண்கள் அழகுக்காகச் சொன்னவை அல்ல. கேடயத்தின் அடிவிளிம்பு ஓட்டுநர் அறையின் மேல்விளிம்பை உரசாமல் 27.5 பாகை திரும்ப வேண்டும். புதிதாகக் கேடயம் கட்டுபவர்கள் புகைப்படத்திலிருந்து அளவெடுத்து, நேராக நிற்கும்போது பொருந்துகிறது என்று மகிழ்ந்து, திருப்பும்போது மாட்டிக்கொள்கிறார்கள். பழையஇரும்பு அவர்கள் முதலில் மரப்பலகையிலோ அட்டையிலோ முழு அளவில் ஒன்று செய்து, திருப்பிப் பார்த்த பிறகு இரும்பை வெட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆவடிக்காரர் ஐயா சொன்ன பதமேறிய தகட்டை இன்று தேடி அலைய வேண்டியதில்லை என்பதும் என் கருத்து; மென் எஃகில் அதே தடிமனில் கட்டினால் தோற்றமும் எடையும் ஒத்துவரும்.

தகடும்ரிவெட்டும் எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் ‘எப்படி’ என்பதற்கே விடை கூறியிருக்கிறார்கள். ‘ஏன்’ என்பதை நான் கேட்க விரும்புகிறேன்.

இந்த ஊர்தி அந்த 281இல் ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் டி48 என்ற நிலையில் இது செய்தது என்ன? தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்து, கிடங்கில் நின்று, பீரங்கி கழற்றப்பட்டது, அவ்வளவுதான். போர்க்களம் கண்ட டி48கள் சோவியத் படையில் எஸ்யு-57 என்ற பெயரில் இருந்தவை. உரிமையாளரின் ஊர்தி ஒரு நாளும் அங்கே இருந்ததில்லை. மாறாக, எம்3ஏ1 ஆக மாறிய பிறகு இது பல பத்தாண்டுகள் உழைத்திருக்கிறது. டீசல் எஞ்சினும், தேய்ந்த படிகளும், மேலே போடப்பட்ட வண்ண அடுக்குகளும் அந்த உழைப்பின் ஆவணங்கள். அவற்றைச் சுரண்டி எறிந்துவிட்டு, சில மாதங்கள் கிடங்கில் நின்ற தோற்றத்துக்குத் திருப்புவதை மீட்டெடுப்பு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. அரிய பெயர் விலையை உயர்த்துகிறது என்பதுதான் இதற்குப் பின்னால் இருக்கும் காரணம் என்று நான் ஐயுறுகிறேன்.

டி48 தோன்றிய கதையையும் நினைத்துப் பாருங்கள். 1942 ஏப்ரலில் தேவை எழுந்தபோது பிரிட்டிஷ் படை பாலைவனத்தில் போரிட்டுக்கொண்டிருந்தது. வேகமாக ஓடி, சுட்டுவிட்டு இடம் மாறும் பீரங்கி வேண்டியிருந்தது. ஊர்திகள் வரிசையாக வெளிவரத் தொடங்கிய காலத்தில் ஆப்பிரிக்கப் போர் முடிவை நெருங்கியது, 57 மி.மீ.க்கு மேல் 75 மி.மீ. வந்துவிட்டது. அமெரிக்கர்கள் தங்கள் டாங்கி அழிப்புப் பிரிவுக்கு 3 அங்குலப் பீரங்கி கொண்ட எம்10ஐத் தேர்ந்துகொண்டார்கள். கேட்டவருக்கும் வேண்டாம், கட்டியவருக்கும் வேண்டாம் என்ற நிலையில்தான் மாற்றிவிட்டார்கள். அந்த மாற்றமும் வரலாறுதானே?

ஆவணப்பிரியை எழுதியது:

தகடும்ரிவெட்டும் அவர்களின் கேள்வி நியாயமானது. முடிவில் மட்டும் நான் வேறுபடுகிறேன். எம்3ஏ1 ஊர்திகள் உலகெங்கும் சேகரிப்பாளர்களிடம் ஏராளமாக இருக்கின்றன. டி48ஐ நேரில் காண வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு காட்சிப்பொருளின் மதிப்பை அது போரிட்டதா என்பதை வைத்து மட்டும் அளந்தால், சோதனை ஊர்திகள் எதற்கும் இடமே இருக்காது. இழுத்துச் செல்லும் பீரங்கியை ஒரு துருப்பு ஊர்தியின் மேல் ஏற்றி, அதன் பின்னுதைப்பை அந்தச் சேஸி தாங்குமா, குழுவினர் ஐவருக்கும் 99 குண்டுகளுக்கும் இடம் போதுமா என்று 1942இல் எப்படிச் சிந்தித்தார்கள் என்பதை வரைபடத்தைவிட இரும்பு நன்றாகக் காட்டும்.

ஆயினும் இரு நிபந்தனைகளை வலியுறுத்துவேன். தடயங்கள் டி19 என்று காட்டினால், அரியது என்பதற்காக டி48 கட்டக் கூடாது. டி48 என்றே காட்டினாலும், சோவியத் நட்சத்திரமும் ருஷ்ய எண்களும் எழுதக் கூடாது. கண்காட்சிகளில் எஸ்யு-57 என்றால் கூட்டம் சேரும் என்பது உண்மை. சோவியத்தின் பத்தொன்பதாம் படைப்பிரிவு, போலந்தில் விஸ்டுலா ஆற்றைக் கடந்து பிடித்த 1944 ஆகஸ்டின் பாரனோவ் பாலமுகப்பு என்றெல்லாம் பலகை வைக்க ஆசை வரும். இந்தக் கூட்டுக்கு அந்தக் கதையில் பங்கில்லை.

பழையஇரும்பு எழுதியது:

விரிவான விடைகளுக்கு நன்றி. சுழலச்சு கூறியபடி துளைகளை அளந்து வரைந்தோம். இரு சட்டங்களிலும் துளைகள் குறுகிய பரப்பில், ஒன்றுக்கொன்று நேர் எதிராக அமைந்திருக்கின்றன. அதற்குப் பின்னால் பின் ஆக்ஸில் வரை சட்டத்தில் வலுவூட்டிய அடையாளமோ ரிவெட் தடமோ இல்லை. தேய்க்காமல் விட்ட உட்பக்க விளிம்புகள் அங்குல அளவோடு பொருந்துகின்றன. ஆவடிக்காரர் ஐயா சொன்னவாறு தகடுகளையும் பார்த்தோம். உட்புறத்தில் வண்ணத்துக்கு அடியில் மறைந்திருந்த சில சிறிய துளைகளின் விளிம்புகள் சீராக, கருகல் இல்லாமல் இருக்கின்றன. நெருப்பால் வெட்டிய அடையாளங்கள் வேறு இடங்களில், பின்கதவுக்கு அருகில் மட்டுமே காணப்படுகின்றன; அவை இஸ்ரேலிய வேலை என்று நினைக்கிறோம். எல்லாம் சேர்ந்து டி19ஐ விலக்கி டி48 பக்கம் சாய்கின்றன. எழுத்து ஆவணம் எதுவும் கையில் இல்லாததால் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை விடப் போவதில்லை.

உரிமையாளருடன் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். தகடும்ரிவெட்டும் அவர்களின் வாதம் அவரையும் யோசிக்க வைத்தது. மூலச் சேஸியிலோ மூலத் தகட்டிலோ புதிய துளை ஒன்றும் போடுவதில்லை. அடைத்த துளைகளைத் திறப்பதும் இல்லை. தாங்கியைச் சட்டத்தின் மேல் பிடிப்புக் கட்டைகளால் இறுக்கி நிறுத்துவோம். எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். எம்3ஏ1இன் இயந்திரத் துப்பாக்கிக்கான வளையத் தாங்கி, பெஞ்சு இருக்கைகள் ஆகியவற்றைக் குறியிட்டுப் பாதுகாத்து வைப்போம். பழைய வண்ண அடுக்குகள் தெரியும்படி உட்புறத்தில் ஒரு பகுதியைத் தொடாமல் விடுவோம். வெளியே அமெரிக்க ஆலிவ் வண்ணம். எந்தப் படைப்பிரிவின் அடையாளமும் இராது. இழுவைப் பீரங்கியாக இருந்து செயலிழக்கச் செய்யப்பட்ட ஓர் எம்1 குழல் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. அதன் நீளம் 50 காலிபர், அதாவது குழல் விட்டத்தின் 50 மடங்கு. பிரிட்டிஷ் 6 பவுண்டர் மார்க் 2 குழல் மலிவாகக் கிடைத்தது; அது 43 காலிபர் மட்டுமே என்பதால் வேண்டாம் என்றுவிட்டோம்.

ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. பிடிப்புக் கட்டைகள் மட்டும் அந்த எடையைச் சாலையில் தாங்குமா?

ஆவடிக்காரர் எழுதியது:

சுடப்போவதில்லை என்பதால் பின்னுதைப்புக் கணக்கு வேண்டாம், தம்பி. உங்களுக்கு எதிரி திடீர் பிரேக்கும் குண்டுங்குழியும்தான். மேலிருந்து இறுக்கும் கட்டை மட்டும் இருந்தால், அதிர்வில் தளர்ந்து தாங்கி முன்னோக்கி நகரும். அதனால் இரு சட்டங்களுக்கும் நடுவே குறுக்காக ஒரு கனமான உத்தரத்தை வைத்து, அதன் இரு முனைகளும் சட்டத்தின் உட்புறக் குழிவுக்குள் நுழைந்து உட்காரும்படி செய்யுங்கள். தாங்கியை அந்த உத்தரத்தோடு போல்ட் போடுங்கள். முன்னும் பின்னும் சேஸியில் ஏற்கெனவே இருக்கும் குறுக்குச் சட்டங்களை எட்டுமாறு இரண்டு தாங்குகட்டைகள் வைத்துவிட்டால், பிரேக் போடும்போது வரும் தள்ளுவிசை அவற்றுக்குப் போய்விடும். பிடிப்புக் கட்டைக்கு மேல்நோக்கிய குலுக்கலைத் தடுக்கும் வேலை மட்டுமே மிஞ்சும். இரும்பும் இரும்பும் தொடும் இடத்தில் மெல்லிய கான்வாஸ் ரப்பர் வையுங்கள். பழைய சட்டத்தின் வண்ணம் உரசிப் போகாது. முதல் ஓட்டத்துக்குப் பின் எல்லா போல்ட்டுகளையும் டார்க் ரென்ச்சால் மறுபடி சரிபார்த்துவிட்டு, அதன் பிறகே கேடயத்தை ஏற்றுங்கள்.

சுழலச்சு எழுதியது:

ஐயா கூறியதோடு ஒன்று சேர்க்கிறேன். குழலும் கேடயமும் ஏறியதும் முன் ஆக்ஸிலின் மேல் எடை கூடும். இந்த ஊர்தியில் திருப்புவது முழுக்க முன்சக்கரங்களின் வேலை. ஜெர்மன் ஹாஃப்-ட்ராக்கைப் போலப் பட்டையைப் பிரேக் பிடித்துத் திருப்பும் அமைப்பு இதில் இல்லை. எனவே முன் ஸ்பிரிங் பட்டைகளையும் ஸ்டியரிங் மூட்டுகளையும் இப்போதே கழற்றிப் பார்த்துவிடுங்கள். கேடயம் ஏறிய பிறகு அங்கே கை நுழைப்பது கடினம்.

பழையஇரும்பு எழுதியது:

முன் ஸ்பிரிங்குகளை அடுத்த வாரம் இறக்குகிறோம். உத்தரத்துக்கான வரைபடம் தயாரானதும் வெட்டுவதற்கு முன்பு இங்கே பதிவேற்றுகிறேன். ஐயா ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும்.